சம்பந்தியின் காலுக்கும் சேர்த்து

தை 2, புதன்

மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. சோறு போடுவது தையல் மிஷின்தான் என்பதால் அதற்குப் பொட்டு வைத்து, ஒரு கரும்புத் துண்டையும் சாத்திவிட்டு, மானாமதுரைக்குப் போன் போட்டேன். சம்பந்தி பஞ்சவர்ணத்தோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

என் மகள் பூங்கோதை ஒரு பெட்டியோடு காரைக்குடிக்கு வந்து இறங்கி அவ்வளவு காலம் ஆயிற்று. "ஒத்துவரலம்மா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. மாப்பிள்ளை குமரேசன் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. அந்த வீட்டில் மிச்சம் இருப்பது மாமியார் ஒருத்திதான். காரணம் யாரென்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. இரண்டு பேரும் சம்மதித்துக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாசியில் கடைசி வாய்தா.

அதற்குள் என் வேண்டுதலைத் தீர்த்தாக வேண்டும். பூங்கோதைக்கு முப்பது தாண்டியும் வரன் அமையாமல் நான் பழனிமலையில் நின்று அழுத அன்று, வாய் சும்மா இருக்காமல், "ஒரு இடம் அமைச்சுக் குடு முருகா, வரப்போற சம்மந்தியையும் கூட்டிக்கிட்டு நடந்தே வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்காலுக்கு வேண்டு. அடுத்த வீட்டுக் காலுக்கும் சேத்து எவளாச்சும் வேண்டுவாளாடி?"

கல்யாணம் நடந்தது. அந்த வருஷமே சம்பந்தியின் கணவர் தவறிப்போனார். மறு வருஷம் என் முழங்கால். அப்படியே தள்ளிப்போயிற்று. மாசிக்குப் பிறகு சம்பந்தி என்று யாரைக் கூட்டிப்போவது? அதனால்தான் போன். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். "வர்றேன்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா எப்போதும் அப்படித்தான், வார்த்தையை எண்ணித்தான் செலவு செய்வார்.

தை 6, ஞாயிறு

மாலை போட்டுக்கொண்டேன். விரதம் ஆரம்பம். கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமையில் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

தை 19, சனி

நாளை அதிகாலை புறப்பாடு. முடிக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை முடித்துக் கொடுத்தேன். முடியாததைக் கொண்டு வந்தவர்களிடம், முருகனைப் பார்த்துவிட்டு வந்துதான் ஊக்கு வைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

பையில் மாற்றுப் புடவை, தைல பாட்டில், டார்ச், கம்பளி. புதிதாக ஒரு மஞ்சள் கயிறும் வாங்கி வைத்திருக்கிறேன். சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்தால் வீட்டுக்கு நல்லது, அதற்காகத்தான். பூங்கோதை பையை எட்டிப் பார்த்தாள். "அம்மா, அங்க போய்ப் பஞ்சாயத்து எதுவும் வச்சிராத" என்றாள். நான் எதற்குப் பஞ்சாயத்து வைக்கிறேன்?

சாயங்காலம் சம்பந்தி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். இளைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று நிற்கிறது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நடுவில் நான் என்ன செய்வது என்று பயந்துகொண்டிருந்தேன். பூங்கோதையோ "வாங்கத்தை" என்று பையை வாங்கினாள், வெந்நீர் வைத்தாள், இரண்டு ஜோடி காலுறையை அவர் பைக்குள் திணித்தாள். "ரோடு சுட்டா போட்டுக்கங்க."

மாமியாருக்குக் காலுறை. பெற்றவளுக்கு ஒன்றுமில்லை.

தை 20, ஞாயிறு. திருப்பத்தூருக்கு முன்னால் ஒரு சத்திரம்

விடிவதற்கு வெகு முன்பே கிளம்பினோம். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்த, எங்கள் பாதயாத்திரைக் குழுவின் குருசாமி பொன்னழகு, எல்லார் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கரை ஒட்டினார். "சாமிகளா, ரோட்டுல ஓரமா வாங்க, வரிசையா வாங்க, பேசிக்கிட்டே வராதீக." கடைசியாகச் சொன்னது எனக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், வாசலில் நின்று இரண்டு விசிலும் அடித்தார்.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா இல்லை. வெறுங்காலில் தார் ரோடு ஐஸ்கட்டி மாதிரி ஏறியது. குன்றக்குடி மலையைத் தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. சம்பந்தி எனக்கு ஒரு அடி பின்னால் வந்தார். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அதே ஒரு அடி. "முன்னால வாங்க" என்றேன். "பரவால்ல" என்றார். நாள் முழுக்க அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

தை 21, திங்கள்

கால். கால். கால். வேறொன்றும் எழுத ஓடவில்லை.

தை 22, செவ்வாய். சிங்கம்புணரி தாண்டி

கொப்புளம் உடைந்துவிட்டது. அதனால் இன்று மனிதப்பிறவி.

நடக்கும்போது மெல்லப் பேச்சை எடுத்தேன். பஞ்சாயத்து இல்லை, பொதுவாகத்தான். எங்கள் தெருவில் ஒரு ஜோடி மூன்று வருஷம் பிரிந்திருந்து மறுபடி சேர்ந்து, இப்போது இரட்டைப் பிள்ளை பெற்றிருப்பதைச் சொன்னேன். கோர்ட்டில் கடைசி நாளில் மனசு மாறினவர்கள் உண்டு என்றேன். பெரியவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சின்னவர்கள் தானாகச் சேர்வார்கள் என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். கல்லில் நார் உரிக்கிற வேலை. இந்த அம்மாவோடு என் மகள் எப்படித்தான் நான்கு வருஷம் இருந்தாளோ!

இரவு என் வீட்டுக்காரர் போன். உப்புமா கிண்டினாராம், கட்டி தட்டிவிட்டதாம், பூங்கோதை சிரித்தாளாம், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். கேட்டுக் கேட்டுக் காது சுட்டது. வைத்த பிறகு பார்த்தால் சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இம்புட்டு நேரமா பேசுவாக?"

"நிறுத்தத் தெரியாது அவுகளுக்கு" என்றேன். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

தை 23, புதன். நத்தம்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிகாலை. நிலா நள்ளிரவு தாண்டியதுமே மறைந்திருந்தது, நல்ல இருட்டு. மூடுபனி வேறு. முன்னால் போகிறவர்களின் முதுகில் ஸ்டிக்கர் மினுங்குவது மட்டும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கிவிட்டோம். திடீரென்று சம்பந்தி என் பக்கத்தில் வந்தார். முதல் முறையாக அந்த ஒரு அடி இல்லை.

"சம்மந்தி, எங்க வீட்டுக்காரரு எங்கூடப் பேச மாட்டாக."

செத்துப்போன மனுஷரைப் பற்றி இப்போது என்ன என்று நினைத்தேன்.

"கோவம்னா சத்தம் போட மாட்டாக. வாயை மூடிக்குவாக. ஒரு மாசம், ரெண்டு மாசம். ஒரு தடவ அவுகளக் கேக்காம எந்தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் போயிட்டேன். பங்குனியில மூடுன வாயை மறு மாசியிலதான் தொறந்தாக. சோறு வேணும்னா செவுத்தப் பாத்து, 'சோறு போடச் சொல்லு'ம்பாக. செவுரு வந்து எங்கிட்டச் சொல்லுமாக்கும்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"குமரேசன் அதைப் பாத்தே வளந்த பய. கல்யாணமாகி ரெண்டாம் வருசம் ஆரம்பிச்சான். பூங்கோதை பேசிப் பேசிப் பாத்துச்சு, அழுது பாத்துச்சு. அவன் பாறை மாதிரி இருப்பான். ஒருநா காலையில அடுப்படியில நிக்கிறேன். அந்தப் புள்ள செவுத்தப் பாத்து, 'காபி ஆறிப்போச்சுன்னு சொல்லு'ன்னுச்சு. இன்னொருத்தி என்னைய மாதிரியே ஆயிட்டாளேன்னு தோணுச்சு சம்மந்தி. அன்னைக்கே பொட்டியக் கட்டி நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். திரும்பி வராத ஆத்தான்னு சொல்லி."

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த லாரி ஒன்று ஒலியெழுப்பி ஒதுங்கிப் போனது.

"எம்மகளை அனுப்பிவிட்டது நீங்களா?"

"ஆமா."

"என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டிருந்தா நீங்க திருப்பி அனுப்பிருப்பீக."

பனியில் அவர் முகம் தெரியவில்லை. நான் வேகமாக நடந்து முன்னால் போனவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

தை 24, வியாழன். கோபால்பட்டிப் பக்கம்

ஆத்திரம் அடங்கவே இல்லை. மகன் செய்வது தப்பென்றால் மகனைச் செவிட்டில் அறைந்து திருத்துவது. அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மகாலட்சுமியைப் பஸ் ஏற்றுவதா? தெருவில் என் காதுபட 'வாழாவெட்டி' என்று சொன்னார்களே, அதை இந்த அம்மா கேட்டாரா? நேற்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. இன்று காலையும் பேசவில்லை. தெரியட்டும் என்று இருந்தேன்.

மத்தியானம் அன்னதானப் பந்தலில் உட்கார்ந்தோம். நான் வேண்டுமென்றே மூன்று பேர் தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரைப் பார்த்தேன்.

அவர் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. முகம் வாடவும் இல்லை. என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி என் கைக்கு எட்டுகிற இடத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, தன் இலைக்குப் போய் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். பழகின கை. பழகின உடம்பு. எத்தனையோ வருஷமாக இதே மாதிரி தண்ணீர் வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தவர் இப்படித்தான் இருப்பார். ஒன்றரை நாள் நான் பேசாமல் இருந்ததில் அவர் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என் பூங்கோதையும் இப்படி உட்கார்ந்திருப்பாளா? சுவரைப் பார்த்துப் பேசினாளாமே என் மகள். பாடம் எடுக்கிற பிள்ளை, ஒரு வகுப்பையே வாயால் கட்டிப்போடுகிறவள். பந்தலில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையோடு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சம்மந்தி, அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க" என்றேன்.

சாம்பாரில் ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி. அவருக்கும் அது தெரியும். உப்பைத் தள்ளினார்.

தை 25, வெள்ளி. திண்டுக்கல்

பூங்கோதைக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீ ஏன்னு கேக்கவே இல்லையேம்மா. எப்பத் திரும்பப் போறேன்னுதான கேட்ட."

நான் கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்க்கிறேன்.

"மாமியாரு மேல பழி போட்டு வச்சிருந்தேனேடி."

"அத்தைதான் அப்படியே விட்டுரச் சொன்னாக. உங்கம்மாவுக்குத் திட்ட ஒரு ஆளு வேணும், நான் இருந்துட்டுப் போறேன்னாக."

இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைப் பற்றி இப்படிப் பேசியிருக்கிறார்கள். கோபம் வரவேண்டும், வரவில்லை. "சாப்புட்டியா?" என்றேன். "அப்பா உப்புமா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் வகுப்பில் நடந்த கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்தபோது இப்படிப் பேசினாளா? இல்லை. எப்போது திரும்பியது இந்தப் பேச்சு? ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவில்லை.

தை 26, சனி

சம்பந்தியின் குதிகாலில் பித்தவெடிப்பு பிளந்துவிட்டது. பூங்கோதை கொடுத்த காலுறைகளும் தேய்ந்து கிழிந்துவிட்டன. குருசாமி கொடுத்த பழைய வேஷ்டியைக் கிழித்து, மடித்து, கால் அளவுக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். ஊசி நூல் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. "ஜாக்கெட்டு மாதிரியே கச்சிதமா இருக்கு" என்றார். அந்தத் தொளதொள ஜாக்கெட்டையும் கழற்றி வாங்கி, தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

இப்போது அவர்தான் பேசுகிறார். எருமை வாங்கிய கதை, எருமை ஓடிப்போன கதை, ஊர் முழுக்கத் தேடிவிட்டு வந்து பார்த்தால் அது கொல்லையிலேயே நின்ற கதை. குருசாமி திரும்பிப் பார்த்து, "அமைதியா வந்துக்கிட்டிருந்த சாமியையும் கெடுத்துப்புட்டீகளே" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

தை 27, ஞாயிறு. ஒட்டன்சத்திரம் தாண்டி

கூட்டம் பெருகிவிட்டது. காவடி, பால்குடம், மேளம். எங்கே பார்த்தாலும் பச்சையும் மஞ்சளும்.

நடக்கும்போதே சம்பந்திக்கு மகனிடமிருந்து போன். நான் விலகி நடந்தேன், இருந்தாலும் காது கேட்கத்தான் செய்தது. இவர்தான் பேசினார். முடித்துவிட்டு வந்து, "காலு எப்படி இருக்குன்னு கேட்டான்" என்றார்.

"அம்புட்டுத்தானா?"

"அவனா போன் போட்டு, அவனா கேட்டான் சம்மந்தி. மதுரையில மனசுக்குப் பாக்குற ஒரு டாக்டரம்மாட்ட நாலு மாசமாக் கூட்டிட்டுப் போறேன். ஒருநா அங்கன உக்காந்து ஓன்னு அழுதான். அவுக அப்பாவும் அப்படி அழுதிருந்தா நல்லாருந்திருக்கும்."

அப்படியானால் சேர்த்து வைத்துவிடலாமே என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம் சம்மந்தி. அவன் தேறட்டும், அவனுக்காகத் தேறட்டும். அதுக்கு அந்தப் புள்ளையப் பணையம் வைக்கக்கூடாது."

நான் தலையாட்டினேன். பையில் மஞ்சள் கயிறு இருக்கிறது.

தை 28, திங்கள். பழனி

நாளைக்குப் பூசம். இன்று விடிகாலையில் எங்களுக்கு முன்னால் மேற்கே பெரிய நிலா இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு வளைவு திரும்பியதும் மலை தெரிந்தது, படிக்கட்டு விளக்குகளோடு. "அரோகரா" என்று முன்னால் யாரோ கத்த, ரோடே கத்தியது. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். காரைக்குடியில் ஒரு அடி பின்னால் நடக்க ஆரம்பித்தவர்.

மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் திருஆவினன்குடிக்குப் போனோம். ஆளுக்கொரு அர்ச்சனைத் தட்டு. வரிசையில் நிற்கும்போது நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'பூங்கோதை, அனுஷம். குமரேசன், விசாகம்.' கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கோயிலிலும் நான் ஒரே மூச்சில் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவள் திரும்பி வந்த பிறகும் அப்படித்தான். கயிற்றைத் தட்டில் தேங்காய்க்கு அடியில் வைத்திருந்தேன்.

சம்பந்தி எனக்கு முன்னால். குருக்கள் தட்டை வாங்கினார்.

"பேர், நட்சத்திரம்?"

"பூங்கோதை. அனுஷம்."

குருக்கள் காத்திருந்தார். "வீட்டுக்காரர் பேரு?"

"அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான் சாமி. தனியாப் பண்ணுங்க."

மணி அடித்தது. தன் மகன் பெயரைச் சொல்லவே இல்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்து, காலெல்லாம் பிளந்து, தன் தட்டை என் மகளுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்து நான். கை தன்னால் தேங்காய்க்கு அடியில் போய் அந்தக் கயிற்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது.

"பேர், நட்சத்திரம்?"

"குமரேசன்" என்றேன். "விசாகம். தனியா."

அந்தப் பையன் வாய் திறக்கட்டும் முருகா என்று வேண்டினேன். யாரோடாவது, எப்போதாவது, நன்றாக இருக்கட்டும். சத்தியமாக மனசார வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது சம்பந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததை இரண்டு பேருமே துடைக்கவில்லை.

வெளியே பூ விற்ற பெண்ணிடம் அந்த மஞ்சள் கயிற்றைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் கதம்பம் கிள்ளிக் கொடுத்தாள். வாங்கலாமா என்று சம்பந்தி தயங்கினார். நானே வாங்கி அவர் தலையில் வைத்துவிட்டேன்.

படியில் பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம்.

"மாசிக்கப்புறம் நான் உங்கள என்னன்னு கூப்புடுறது?" என்று கேட்டார்.

"என்னன்னு வேணா கூப்புடுங்க. கூப்புடாம மட்டும் இருந்துறாதீக."

மேலே கூட்டம் நெருக்கியதில் சாமியைப் பார்த்தது ஒரு நொடி. அந்த ஒரு நொடியிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கீழே இறங்கியதும் என் வீட்டுக்காரர் போன்.

"வேண்டுதல் முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சு. அடுத்த தையிலயும் இவுககூட நடந்து வர்றேன்னு புதுசா ஒன்னு வேண்டிருக்கேன்."

"அடியே, மறுபடியும் அடுத்த வீட்டுக் காலா?"

"இந்தத் தடவ கேட்டுக்கிட்டுத்தான் வேண்டுனேன்."

"என்ன சொன்னாக?"

போனை அவரிடமே நீட்டினேன். சம்பந்தி அதை வாங்கி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் படியில் உட்கார்ந்து, "அண்ணே, சொல்றேன், கேளுங்க" என்று காரைக்குடியிலிருந்து கதையை ஆரம்பித்தார்.